ஈரல் சொன்ன சாட்சி

அத்தியாயம் 6

"நாந்தான் குடுத்தேன்னு அவனே ஒத்துக்கிட்டான். இதுக்கு மேல நீங்க துப்பறிய என்ன இருக்கு?"

இன்ஸ்பெக்டர் அறிவழகன் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். மேசையில் டீ ஆறிப் போய் ஆடை கட்டியிருந்தது.

எதிர் நாற்காலியில் சென்னப்பன். தர்மபுரியில் ஒரு பேக்கரியின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவர். அதற்கு முன்னால் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளைம்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் உதவியாளர் தெரசா. ஸ்கூட்டர் ஓட்டுவதும் வாயடிப்பதும் அவள் வேலை. இரண்டாவதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

"நாங்க வழக்கமா மாப்பிள்ளை குடிப்பாரான்னு விசாரிக்கிறவங்க சார். எவனும் இதுவரைக்கும் ஒத்துக்கிட்டதில்ல. ஒத்துக்கிட்ட ஆள் எப்படி இருப்பான்னு பாக்கத்தான் வந்தோம்" என்றாள் தெரசா.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. சிரிக்கிற வழக்கும் அல்ல.

மொரப்பூருக்கும் கடத்தூருக்கும் நடுவே ஒரு சின்ன ஊர். அங்கே மாதேஷ் என்பவன், மொரப்பூர் ரயில் நிலைய வாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவன். மனைவி அம்பிகா. மூத்தது பெண். இரண்டாவதும் பெண். அந்த இரண்டாவது குழந்தை, பெயர்கூட வைக்கும் முன்பே, ஒரு காலையில் தொட்டிலில் நீலம் பாரித்துக் கிடந்தது. உடம்பில் காயமில்லை. இரண்டு மாதம் கழித்து ரசாயனப் பரிசோதனை முடிவு வந்தது. ரத்தத்தில் மார்ஃபின், மூச்சை அடக்கிவிடும் அளவுக்கு. வீட்டைச் சோதனை போட்டபோது முக்கால்வாசி காலியான இருமல் மருந்து பாட்டில் கிடைத்தது. வாங்கி வந்தவன் மாதேஷ்.

ஊருக்கு அது போதும். இரண்டாவது பெண் குழந்தை திடீரென்று செத்துப் போனால் இந்தப் பக்கத்தில் எப்படி என்று யாரும் கேட்பதில்லை. யார் என்றுதான் கேட்பார்கள்.

"பாட்டில்ல இருந்தது மார்ஃபினா?" என்று கேட்டார் சென்னப்பன்.

"இல்ல. கொடீன். இருமலை அடக்கற மருந்து. உள்ள போனா ஈரல் அதை மார்ஃபினா மாத்திடும்னு லேப்ல சொன்னாங்க."

"ரத்தத்துல கொடீனும் இருந்துச்சா?"

"துளியூண்டு. மார்ஃபின்தான் ஏகத்துக்கும்."

"வயித்துல?"

"தாய்ப்பால். வேற ஒண்ணுமில்ல."

"சிரப்போட கலரு, வாசனை?"

"அதுவும் இல்ல. முந்தின நாளே ஊத்தியிருப்பான். செரிச்சிருக்கும். சென்னப்பன், எனக்கும் ரெண்டு பொண்ணு. இந்தக் கேஸை நான் ஆசைப்பட்டு எழுதல."

சென்னப்பன் எழுந்தார். "ஏதோ ஒண்ணு இடிக்குது சார்."

"என்ன?"

"தெரியல. ஆனா இடிக்குது."

வெளியே வந்து ஸ்கூட்டரை உதைத்தபடி தெரசா சொன்னாள். "பல் டாக்டர்கிட்ட போய், எந்தப் பல்லுன்னு தெரியல, ஆனா வலிக்குதுன்னு சொல்றா மாதிரி இருந்துச்சு சார்."

"அப்படிச் சொன்னாலும் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பாப்பாருல்ல? வண்டிய எடு."

*

அவர்களை அமர்த்தியவள் மாதேஷின் தங்கை கலைச்செல்வி. கடத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். அண்ணன் வீட்டு வாசலிலேயே காத்திருந்தாள்.

"அண்ணி உள்ளதான் இருக்காங்க. பேசுவாங்க. ஆனா பேசற மாதிரி இருக்காது" என்றாள்.

அம்பிகா தரையில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையைத் தட்டி எடுத்து ஒரு பக்கம் போட்டாள். வந்தவர்களை நிமிர்ந்து பார்த்தாள். கை நிற்கவில்லை.

"கேளுங்க" என்றாள்.

"அந்த மருந்தை எதுக்கும்மா வாங்கினீங்க?"

"எனக்குத்தாங்க. ஆபரேஷன் பண்ணித்தான் பாப்பாவ எடுத்தாங்க. வூட்டுக்கு வந்தா இருமல் புடிச்சுக்கிச்சு. ஒவ்வொரு தடவ இருமறப்பவும் தையல் பிச்சுக்கறாப்புல இருக்கும். அழுதேன். அவரு மெடிக்கல்ல கேட்டு வாங்கியாந்தாரு."

"குடிச்சதும்?"

"தூக்கம். அப்படி ஒரு தூக்கம். யாராச்சும் பாப்பாவ கொண்டாந்து நெஞ்சுல வெச்சாத்தான் உண்டு."

கலைச்செல்வி குறுக்கிட்டாள். "ஆனா அண்ணனுக்கும் அப்ப இருமல்தாங்க. அதே பாட்டில்தான், அதே மூடிதான். அவருக்குத் தூக்கமும் வரல, இருமலும் நிக்கல. மருந்துல தண்ணி கலந்து விக்கிறான்னு மெடிக்கல்காரன திட்டினாரு."

"ஒரே பாட்டிலு, ஒருத்தருக்கு மட்டும் ஏறுது" என்று ஆரம்பித்த தெரசா, அம்பிகாவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

சென்னப்பன் குரலைத் தணித்தார். "பாப்பா எப்படி இருந்துச்சும்மா?"

"அழவே அழாதுங்க." புளியங்கொட்டை ஒன்று உருண்டு போனது. அம்பிகா அதை எட்டி எடுத்தாள். "பக்கத்து வூட்டு அக்காங்கல்லாம் வந்து பாத்துட்டு, இவ்ளோ நல்ல புள்ளைய நாங்க பாத்ததே இல்லைன்னாங்க. அப்புறம் பால் குடிக்கக்கூட எழுப்ப வேண்டியிருந்துச்சு. நானும் தூங்கினேன். அதுவும் தூங்குச்சு."

"உங்க வூட்டுக்காரர்தான் குடுத்தாருன்னு நீங்க நம்புறீங்களா?"

"அவரே சொல்றாரே."

இன்னும் இரண்டு புளியை உடைத்தாள். பிறகு அவளாகவே பேசினாள். "பொறந்த அன்னிக்கு வார்டு பூரா சாக்லேட் குடுத்தாருங்க. ரெண்டாவதும் பொண்ணா, அதுக்கா இத்தனைன்னு ஒரு அம்மா கேட்டதுக்கு, இன்னொரு வாட்டி வாங்கியாந்து குடுத்தாரு. அந்த ஆளுதான் இதப் பண்ணாரான்னு உக்காந்து யோசிக்கிறேன். கோவம் வரணும். வரல. அழுகையாச்சும் வரணும். அதுவும் இல்ல. மரத்துப்போச்சுங்க."

அவள் அடுத்த புளியை எடுத்தாள்.

*

அரூர் சாலையில் தீர்த்தமலைக் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ் கொள்ளாமல் தொங்கிக்கொண்டு போனது. அவர்கள் பார்க்கப் போனதும் ஒரு தீர்த்தம்மாளைத்தான். அரூரில் பல வருடங்களாகக் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் தீர்த்தம்மாள். கிளினிக் முழுக்க அழுகைச் சத்தம்.

"சீக்கிரம் கேளுங்க. வெளிய இருபது பேரு" என்றார் டாக்டர்.

"பிறந்து ரெண்டு வாரம்கூட ஆகாத குழந்தைக்குக் கொடீன் சிரப் குடுத்தா, ஈரல் அதை மார்ஃபினா மாத்துமா டாக்டர்?"

"யாரோட ஈரல்? உங்களோடதா, அதோடதா?"

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்? இது சின்ன சைஸ், அவ்வளவுதானே?" என்றாள் தெரசா.

"அப்படி நெனச்சுத்தான் வூட்டுக்கு வூடு பெரியவங்க மாத்திரையை உடைச்சு வாயில போடறாங்க." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஈரலுக்கு மருந்து விஷயத்துல ரெண்டு வேலை. மருந்தை மாத்தணும். மிச்சத்தைக் கழிச்சு வெளிய அனுப்பணும். பெரியவங்களுக்கு ரெண்டும் தானா நடக்கும். பிறந்த குழந்தைக்கு ரெண்டுமே சரியா வராது. வாரம் போக, மாசம் போக ஒவ்வொண்ணா கத்துக்கும். அதே குழந்தை நாலஞ்சு வயசுல சில மருந்தை நம்மளவிட வேகமா வெளிய தள்ளிரும். எடைக்கு எடை பாத்தா, அந்த மருந்தையெல்லாம் பெரியவங்களுக்குக் குடுக்கறதவிட ஜாஸ்தியா குடுக்க வேண்டி வரும். குழந்தைங்கறது சின்ன சைஸ் பெரியவங்க இல்லம்மா. அது வேற ஆளு."

சென்னப்பன் நாற்காலியின் நுனிக்கு வந்தார். பொய்க் கிளைம் ஒன்றைப் பார்த்த பழைய நாள்களின் முகம் அவருக்கு வந்திருந்தது.

"அப்ப ஒண்ணு சொல்லுங்க. பானையில அரிசியைப் போட்டாச்சு. அடுப்பு சரியா எரியல. மறுநாள் திறந்தா என்ன இருக்கும்?"

"அரிசிதான் இருக்கும். சோறு கொஞ்சம் இருக்கலாம்."

"குழந்தை வாயில சிரப்பை ஊத்தியிருந்தாலும் அதே கதைதானே? ரத்தத்துல கொடீன் நிறைய, மார்ஃபின் கொஞ்சம்?"

"ஆமா. அந்த வயசுல அப்படித்தான் எதிர்பார்க்கலாம்."

"இந்தக் குழந்தைக்குத் தலைகீழா இருக்கு. மார்ஃபின் ஏகத்துக்கும். கொடீன் துளியூண்டு."

டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அப்ப அது வேற வூட்டு அடுப்புல வெந்து வந்திருக்கு" என்றார் மெதுவாக. "ஒரு பெரியவங்க ஈரல் மாத்திக் குடுத்திருக்கு."

"வயித்துல தாய்ப்பால் மட்டும்தான் இருந்துச்சு" என்றாள் தெரசா. முதல் தடவையாக அவள் குரலில் விளையாட்டு இல்லை.

அடுத்த அறையில் ஒரு குழந்தை ஊசிக்கு வீறிட்டது. அது ஓயும்வரை மூவரும் காத்திருந்தார்கள்.

"இந்த மருந்தைக் குடிச்சுட்டு அம்மா ரொம்பத் தூங்கினாளா?" டாக்டர் கேட்டார்.

"எழுந்திருக்கவே முடியலையாம். அதே மருந்து புருஷனை ஒண்ணும் பண்ணல."

"சில பேரோட ஈரல் பிறவியிலேயே அப்படி. கொடீன் உள்ள போன வேகத்துல மார்ஃபினாக்கிரும். சில பேருக்கு மாத்தவே மாத்தாது. பாத்தா யாருக்கும் தெரியாது. அவளுக்கு அந்த வேகமான ஈரல். மார்ஃபின் பாலுல இறங்கியிருக்கு. பாலுக்குப் பால் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயி, அந்தப் பிஞ்சு ஈரலுக்குக் கழிக்கத் தெரியாம சேர்ந்துக்கிட்டே இருந்திருக்கு. தூங்கற குழந்தையை நல்ல குழந்தைன்னு எல்லாரும் நெனச்சிருப்பாங்க."

"நெனச்சாங்க" என்றார் சென்னப்பன்.

"பால் குடுக்கற தாய்க்கு இந்த மருந்தைத் தரவே கூடாது. சீட்டு இல்லாம விக்கவும் கூடாது."

"நிரூபிக்க முடியுமா?"

"அவ ரத்தம் கொஞ்சம் வேணும். பெங்களூருக்கு அனுப்பினா எந்த மாதிரி ஈரல்னு சொல்லிடுவாங்க. நான் எழுதித் தரேன். கோர்ட்டுக்கும் வரேன்."

வெளியே வந்ததும் தெரசா ஸ்கூட்டர் மேல் சாய்ந்து நின்றாள்.

"கொலையே நடக்கல சார்."

"இல்ல."

"அப்ப அந்த ஆளு ஏன் நாந்தான்னு சொன்னான்?"

*

மறுநாள் காலை. சிறையின் பார்வையாளர் அறை. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மாதேஷ். கூட வந்திருந்த கலைச்செல்வியைப் பார்த்ததும் மூத்த மகள் பள்ளிக்கூடம் போகிறாளா என்று மட்டும் கேட்டான். பிறகு சென்னப்பனிடம் திரும்பினான்.

"எதுக்கு சார் வந்தீங்க? நாந்தான் குடுத்தேன். எழுதியும் குடுத்துட்டேன்."

"எதுல குடுத்தே?"

"மூடியில."

"எப்ப?"

"சாயங்காலமா. அழுதுகினே இருந்துச்சு. நிறுத்தவே இல்ல. அதான் ஊத்திட்டேன்."

"மாதேஷ்," என்றார் சென்னப்பன், "அந்தக் குழந்தை அழவே அழாதுன்னு ஊரே சொல்லுது."

மாதேஷ் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"யாரைக் காப்பாத்தறே?"

அவன் கலைச்செல்வியை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசினான். "அம்பிகா அப்ப அவ நெனப்புலயே இல்ல சார். எழுப்பினா சுவத்தப் பாத்துப் பேசுவா. போலீஸ்காரங்க பாட்டில எடுத்துக் காட்டுனதும் எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தோணுச்சு. அவ குடிக்கிற மருந்த, தூக்கக் கலக்கத்துல பாப்பாவுக்கு ஊத்தியிருப்பா. அது அவளுக்கே தெரியாது. தெரிஞ்சா தாங்குவாளா? நாந்தான்னு வாயில வந்துருச்சு."

சென்னப்பன் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஈரலைப் பற்றி, பாலைப் பற்றி. எளிமையாக, ஒரே தடவையில். மாதேஷ் கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"பாலுலயா?" என்றான் கடைசியில்.

"ஆமா. அவங்க மேல தப்பில்ல. உன் மேலயும் இல்ல. நீ வெளிய வந்துடலாம்."

"அவகிட்ட சொல்லாதீங்க சார்."

"சொல்லாம அவங்க ரத்தத்தை எடுக்க முடியாது."

"அப்ப எடுக்க வேணாம். நான் உள்ளயே இருக்கேன்." அவன் குரல் உயரவில்லை. "நான் கொன்னேன்னு நெனச்சா எம்மேல கோவம் வரும். இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு வரும். கோவம் வந்தா பொழச்சிக்குவா. அவ பாலுன்னு தெரிஞ்சா எப்படி சார் பொழைப்பா?"

கலைச்செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேரம் முடிந்தது என்று காவலர் வந்து நின்றார்.

*

கடத்தூர் திரும்பும் வழியில் தெரசா ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினாள்.

"சொல்ல வேணாம் சார்" என்றாள். "சத்து குறைவா இருக்கான்னு பாக்கணும்னு சொல்லி ரத்தம் எடுத்துக்கலாம்."

"கோர்ட்ல வக்கீல் எழுந்து சத்தமா படிப்பாரு. அங்க வெச்சுத் தெரிஞ்சுக்கட்டுமா?"

"சொன்னா அந்தப் பொண்ணு உடைஞ்சிரும்."

"இப்ப மட்டும் முழுசா இருக்கா?"

தெரசா வண்டியை மறுபடி உதைத்தாள்.

அம்பிகா அதே இடத்தில் இருந்தாள். புளிக் குவியல் குறைந்திருந்தது. சென்னப்பன் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். இத்தனை வருட வேலையில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ உண்மைகளைச் சொல்லியிருக்கிறார். எல்லாமே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னவை.

சொல்லி முடித்தார். அம்பிகாவின் கை அந்தரத்தில் நின்றது.

"அப்ப அவரு குடுக்கலையா?"

"இல்லம்மா."

"அவரு குடுக்கல" என்று அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "நான் அந்த மருந்தக் குடிக்காம இருந்திருந்தா?"

தெரசா சென்னப்பனைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவள் கண் கெஞ்சியது.

"பாப்பா இருந்திருக்கும்" என்றார் சென்னப்பன். "ஆனா உங்க ஈரல் அப்படின்னு உங்களுக்குத் தெரியாது. வாங்கியாந்தவருக்கும் தெரியாது. பால் குடுக்கற பொம்பளையான்னு ஒரு வார்த்தை கேக்காம எடுத்துக் குடுத்த மெடிக்கல்காரன், அவன் கேட்டிருக்கணும்."

அம்பிகா தன் மார்பைப் புடவைத் தலைப்பால் இழுத்து மூடினாள். குளிரெடுத்தவள் போல. அழவில்லை.

"இது அவருக்குத் தெரியுமா?"

"இன்னிக்குக் காலைலதான் சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. அவரே உள்ள இருந்துக்கறேன்னாரு."

அம்பிகா கையிலிருந்த புளியைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து போய்க் கைகளைக் கழுவினாள். புளிக்கறை போகாத விரல்களைத் துடைத்துக்கொண்டே வந்து, கலைச்செல்வியிடம் மூத்தவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரச் சொன்னாள்.

"ரத்தம் எங்க போய் குடுக்கணும்?" என்றாள்.

*

பெங்களூர் முடிவு வந்தது. டாக்டர் தீர்த்தம்மாள் சொன்னபடியே அம்பிகாவின் ஈரல் வேகமானதுதான். ரசாயனப் பரிசோதனைக் கணக்கையும் அதையும் டாக்டர் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கினார். இன்ஸ்பெக்டர் அறிவழகன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அம்பிகாவின் வாக்குமூலத்தை அவரே எழுதினார். 'நான் குடித்தேன், நான் பால் கொடுத்தேன்' என்று அவள் நிறுத்தாமல் சொன்னபோது இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்தார். அதே வாரம் அந்த மெடிக்கல் கடையின் மேல் வழக்குப் பதிவானது. நீதிமன்றம் மாதேஷை விடுவித்தது.

அவன் சிறை வாசலுக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. எதிரே புளியமரத்தடியில் அம்பிகா நின்றாள். சற்றுத் தள்ளி சென்னப்பனும் தெரசாவும்.

மாதேஷ் பக்கத்தில் வந்து நின்றான். அவளைப் பார்க்க முடியாமல் அவள் செருப்பைப் பார்த்தான்.

"ஏன் அம்பிகா ஒத்துக்கின? நான் பாத்துக்கினு இருந்தேனே. ஊரு உன்னத்தானே இனிமே பேசும்."

"பேசட்டும்" என்றாள் அம்பிகா. குரல் இன்னும் தட்டையாகத்தான் இருந்தது. "நீங்க உள்ள இருந்தா, பொண்ணுன்னு வேணாம்னு கொன்னுட்டாங்கன்னுதான் பேசுவாங்க. காலத்துக்கும் அதான் பாப்பாவோட கதையா இருக்கும். அது வேணும்னுதாங்க பெத்தோம்."

மாதேஷ் அப்படியே அந்த மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழத் தொடங்கினான். அம்பிகா அழவில்லை. அவளுக்கு இன்னும் வரவில்லை. அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் முதுகில் கை வைத்து, அவன் அழுது முடிக்கும்வரை எடுக்காமல் இருந்தாள்.